வீட்டை யாருக்கு விற்பது?

பெங்களூரு அல்சூரில் 20-க்கு 30 அடி மனையில் கட்டிய வீடு ஒன்று விற்பனைக்கு வருகிறதென்றால், பலகை மாட்டுவதற்கு முன்பே செய்தி தெரு முழுவதும் பரவிவிடுகிறது. கீழ்த்தளத்தில் ஒரு கூடம், சமையலறை, இரண்டு சிறிய அறைகள். சிவப்புக் காவி கலந்து பூசிய சிமெண்ட் தரை. வாசலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. மாடியில் ஒரு வாடகைக் குடித்தனம். நிலம் 600 சதுர அடி. பெரிய சொத்து அன்று. ஆயினும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. இத்தகைய வீட்டை விற்க முன்வரும் உரிமையாளரிடம் தரகர் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கிறார். "என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள்?" என்பது முதலாவது. "யார் வந்தாலும் காட்டலாமா, நம்மவர்களுக்கு மட்டும்தானா?" என்பது இரண்டாவது.

முதற்கேள்வியைப் பற்றி நம் இதழில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது கேள்வியை யாரும் எழுத்தில் கேட்பதில்லை. எழுத்தில் பதில் சொல்வதும் இல்லை. ஆனால் வீட்டுக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், பல விற்பனைகளின் போக்கை முடிவு செய்வது அந்த இரண்டாவது கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று பதில் சொல்வதே அறத்துக்கும் பொருந்தும், விற்பவரின் பணப்பைக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. இது வங்கியின் அறிவிப்பு அன்று. ஓர் அலுவலரின் சொந்தக் கருத்து.

பலரும் சேர்ந்து உருவாக்கிய பேட்டை

அல்சூரை எடுத்துக்காட்டாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைக் குடியிருப்பை அமைத்தபோது, அதனுடன் சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து படைவீரர்களும், கட்டட வேலையாட்களும், சரக்கு வழங்குவோரும் வந்து சேர்ந்தனர். பின்னாளில் 'குடிமை மற்றும் இராணுவ நிலையம்' என்று அழைக்கப்பட்ட அப்பகுதி, 1949இல்தான் பழைய நகரத்துடன் இணைந்து ஒரே மாநகராட்சியானது. கன்னடர், தமிழர், தெலுங்கர், உருது பேசும் முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர், மார்வாடி வணிகர், சீக்கியர் எனப் பலரும் அங்கே அடுத்தடுத்த வாசல்களில் வாழப் பழகியது அந்த வரலாற்றின் விளைவு.

இன்றும் அதன் அடையாளங்களைக் கண்ணால் காணலாம். பழைமையான சோமேசுவரர் கோயில் ஒருபுறம், ஏரிக்கரையில் குருத்வாரா, அதன் அருகிலேயே மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம். 1991இல் அமைக்கப்பட்டும் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும் இங்கேதான். அதே மாதத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் கசப்பும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரி நீர்ச் சிக்கலை ஒட்டி எழுந்த கலவரத்தில் பெங்களூருத் தமிழர்கள் பட்ட துன்பத்தை மூத்த வாடிக்கையாளர்கள் இன்றும் மறக்கவில்லை. அதன்பின் வீட்டை விற்று ஊர் திரும்பியவர்களும் உண்டு. அந்நாள்களில் தங்களைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்தவர் அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்தினரே என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். "நீ எங்களவன் இல்லை" என்ற சொல்லின் வலியை அறிந்தவர்கள், தம் வீட்டை விற்கும்போது அதே சொல்லை மற்றொருவருக்குச் சொல்வது பொருந்துமா என்பதை அவர்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

படிவத்தில் உள்ள ஒரு கட்டம்

வீட்டுக்கடன் விண்ணப்பப் படிவத்தில் மதம், சமூகப் பிரிவு ஆகியவற்றைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, "வங்கியும் கேட்கிறதே!" என்று சிலர் வாதிடுவதுண்டு. முன்னுரிமைத் துறைக் கடன்கள் சிறுபான்மையினருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் எவ்வளவு சென்றடைந்தன என்று அரசுக்குக் கணக்குக் காட்டவே அக்கட்டம் உள்ளது. கடனைத் தருவதா மறுப்பதா என்ற முடிவில் அதற்கு இடமில்லை. கடன் வழங்குவதில் பால், சாதி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்பது ரிசர்வ் வங்கி வகுத்துள்ள நியாயமான நடைமுறை நெறிகளில் ஒன்று.

நாங்கள் பார்ப்பவை வேறு. வருமானம் நிலையானதா? முந்தைய கடன்களை ஒழுங்காகச் செலுத்தியிருக்கிறாரா? சொத்தின் உரிமை தெளிவாக உள்ளதா? தவணை கட்டிய பிறகு குடும்பம் நடத்தக் கையில் மீதி இருக்குமா? இருபது ஆண்டுகளுக்குப் பெரும்பணத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் நிறுவனத்துக்கு இந்த நான்கு கேள்விகள் போதுமானவையாக உள்ளன. ஒரே நாளில் முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு விலகப்போகும் விற்பனையாளருக்கு, வாங்குபவரின் சமையலறையில் என்ன வேகும் என்பது வரை தெரிந்தாக வேண்டுமா?

எனக்குத் தெரிந்த ஒரு நேர்வைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் எவரையும் அடையாளம் காண முடியாதவாறு விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். மனைவி மருத்துவமனைச் செவிலியர், கணவர் பள்ளி ஆசிரியர். உருது பேசும் குடும்பம். அதே பகுதியில் ஒன்பது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவர்கள். பிள்ளைகளின் பள்ளியும் அங்கேயே. அவர்களுக்கு 72 லட்சம் ரூபாய் கடன் ஒப்புதலாகியிருந்தது. ஒப்புதல் கடிதத்துக்குக் காலவரையறை உண்டு; அதற்குள் வீட்டைத் தேர்ந்து கிரய ஒப்பந்தத்தைக் கொண்டுவர வேண்டும். அவர்களுடைய கடிதம் ஒருமுறை அன்று, இருமுறை காலாவதியானது. வீடு கிடைக்காமல் இல்லை, விலையும் படிந்தது. பெயரைக் கேட்ட பிறகு உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். "மகனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பார் ஒருவர். "இப்போதைக்கு விற்கும் எண்ணமில்லை" என்பார் மற்றொருவர். அடுத்த மாதமே அந்த வீடு வேறொருவருக்குப் பதிவாகியிருக்கும். மூன்றாம் முறை ஒப்புதலைப் புதுப்பிக்க வந்தபோது அந்தச் செவிலியர் எவரையும் குறைகூறவில்லை. "வட்டி ஏறியிருக்கிறதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வரிசை குறுகினால் விலையும் குறையும்

அறத்தைச் சற்று ஒதுக்கிவைத்துக் கணக்கை மட்டும் பார்ப்போம். வணிகவியல் முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த பாடம் இது: ஒரு பொருளைக் கேட்டு வருவோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அதன் விலை அமைகிறது. பத்துப் பேர் கேட்கக்கூடிய வீட்டை, "நம்மவர் மூவர் மட்டும் கேட்கலாம்" என்று உரிமையாளரே சுருக்கிவிடுகிறார். அந்த மூவருக்கும் மற்ற எழுவர் இல்லை என்பது தெரியும். பேரத்தில் அவர்கள் கை ஓங்குவதில் வியப்பில்லை. 2011 அக்டோபரில் பெங்களூரின் முதல் மெட்ரோ தடம் அல்சூர் வழியாகத் தொடங்கியபின் அங்கே வீடு தேடுவோர் பெருகினர். அப்பெருக்கத்தின் பயனை முழுமையாகப் பெற வேண்டிய உரிமையாளரே கதவைப் பாதி சாத்திவைப்பது விந்தை.

இதற்கு இணையாக வரிசையைக் குறுக்கும் மற்றொரு நிபந்தனையும் உண்டு: "ஒரு பகுதியை ரொக்கமாகத் தர வேண்டும்" என்பது. இது மதமோ மொழியோ பார்ப்பதில்லை. மாதச் சம்பளக்காரர்களை மட்டும் வெளியே நிறுத்துகிறது. எப்படி என்பதை ஓர் எளிய கணக்கால் காண்போம்.

வீட்டின் விலை 90 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடன்தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருப்பின், சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மிகாமல் வங்கி கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. முழு விலையும் பத்திரத்தில் இருந்தால் 72 லட்சம் கடன் கிடைக்கும். ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 62,500 ரூபாய். வாங்குபவர் தம் கையிலிருந்து 18 லட்சமும், முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

அதே வீட்டுக்கு, பத்திரத்தில் 60 லட்சம், கையில் 30 லட்சம் ரொக்கம் என்று உரிமையாளர் கேட்கிறார் என்போம். வங்கி பத்திர விலையைக் கொண்டே கணக்கிடும். 60 லட்சத்தில் 80 விழுக்காடு 48 லட்சம். மீதி 12 லட்சத்துடன் ரொக்கம் 30 லட்சத்தையும் சேர்த்து, வாங்குபவர் 42 லட்சம் தேட வேண்டும். வீட்டின் விலையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஆனால் சொந்தப் பணமாகத் திரட்ட வேண்டிய தொகை 18 லட்சத்திலிருந்து 42 லட்சமாகிவிட்டது. செவிலியரும் ஆசிரியரும் அந்த இடத்திலேயே வரிசையை விட்டு வெளியேறிவிடுவார்கள். எஞ்சுபவர் கணக்கில் வராத பணம் வைத்திருப்பவர் மட்டுமே.

விற்பவருக்காவது இதனால் நன்மை உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. பெற்ற தொகைக்கு இணையான தண்டத் தொகை விதிக்க அதில் இடமுண்டு. அரசின் வழிகாட்டி மதிப்பைவிட மிகக் குறைவாகப் பத்திரத்தில் காட்டினால், வரிக் கணக்குக்கு வழிகாட்டி மதிப்பே விலையாகக் கொள்ளப்படும். இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தாலும், அந்த 30 லட்சத்தை என்ன செய்வது? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி பெறலாம். கணக்கில் காட்ட முடியாத பணத்தை அங்கே கொண்டுபோக முடியாது. மகளுக்கு வீடு வாங்கித் தரும்போதும் காசோலையாகத் தர முடியாது. முதுமையில் ஒருவருக்கு வேண்டியது நிம்மதியான மாத வருமானம். அலமாரியில் பூட்டிவைத்த அச்சம் அன்று.

வரியைக் கண்டு அஞ்சுவோருக்கு ஒரு சொல். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் உள்நாட்டுக் குடியிருப்பாளர், பணவீக்கச் சரிக்கட்டல் இன்றி 12.5 விழுக்காடு, அல்லது சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு ஆகிய இரண்டில் எது குறைவோ அதன்படி மூலதன ஆதாய வரி செலுத்தலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மற்றொரு வீட்டை வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ, அதில் முதலீடு செய்த ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. நேர்வழியில் இவ்வளவு இடம் இருக்கும்போது குறுக்குவழி எதற்கு?

எதிர்வாதங்கள்

நான் சொல்வதை மறுப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய வாதங்களை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

"நாற்பது ஆண்டுகள் பக்கத்தில் இருந்தவர்களின் மனத்தை நோகடித்துவிட்டுப் போக முடியுமா?" என்பது முதல் வாதம். இதில் நன்றியுணர்வு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அண்டை வீட்டாருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது நல்ல மனிதரை விட்டுச்செல்வதற்காக. நம் சாதிக்காரரை விட்டுச்செல்வதற்காக அன்று. ஒன்பது ஆண்டுகள் அதே தெருவில் வாடகை தவறாமல் கொடுத்து வாழ்ந்த குடும்பத்தைவிட, எங்கிருந்தோ வரும் 'நம்மவர்' எவ்வாறு நன்கு அறிந்த மனிதராவார்?

"பூசையறை இருந்த வீடு, அந்த இடத்தின் தூய்மை கெடும்" என்பது இரண்டாவது. நம்பிக்கையைப் பற்றி வாதிடுவது என் வேலை அன்று. ஆனால் வீட்டை விற்றபின் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்பது எவர் கையிலும் இல்லை. சொத்தை வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்கவே கூடாது என்று பத்திரத்தில் எழுதினாலும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி அந்த நிபந்தனை செல்லாது. நமக்கு இனியதை நாம் எடுத்துச் செல்லலாம். இடத்தைக் கட்டிவைக்க முடியாது.

மேலே சொன்ன செவிலியர் குடும்பத்தை மறுத்த உரிமையாளர்களுள் ஒருவர், அவர்கள் 90 லட்சம் தர இசைந்திருந்தும், 85 லட்சத்துக்குத் தம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு வீட்டை விற்றார். "காசு போனாலும் வீடு நம் கையில் இருக்கும்" என்பது அவருடைய எண்ணம். ஓராண்டுக்குள் வீடு இடிக்கப்பட்டது. அங்கே இப்போது நான்கு தளங்களில் பணிபுரிவோர் தங்கும் விடுதி நிற்கிறது. வாங்கியவர் செய்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அது அவருடைய தொழில். காவித் தரையும் பூசையறையும் எவரால் நிலைத்திருக்கும் என்பதைச் சமூகத்தின் பெயரைக் கொண்டு கணிக்க முடியாது என்பதே நான் சொல்ல வருவது. குடியிருக்க வாங்குபவரே வீட்டை வீடாக வைத்திருப்பார்.

"சட்டம் என்னைக் கட்டாயப்படுத்துகிறதா?" என்பது மூன்றாவது. இல்லை என்பதே உண்மை. அரசு பாகுபாடு காட்டுவதையும், கடைகள், உணவகங்கள், பொதுக் கிணறுகள் போன்றவற்றில் பாகுபாடு காட்டுவதையும் அரசமைப்பின் 15ஆம் உறுப்பு தடுக்கிறது. தனியார் தம் வீட்டை யாருக்கு விற்பது என்பதை அது நேரடியாகக் குறிப்பிடவில்லை. அகமதாபாத்தைச் சேர்ந்த பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கு மட்டும் வரையறுத்துக்கொண்டதை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே, இதில் சட்டம் நம் கையைப் பிடித்து நல்வழியில் செலுத்தும் என்று காத்திருக்க முடியாது. முடிவு விற்பவருடையது. அதனாலேயே அதன் பொறுப்பும் அவருடையது.

விற்க முனைவோர் செய்ய வேண்டியவை

வரிசையைத் திறந்து வைப்பவர், வருவோர் அனைவருக்கும் ஒரே தெளிவான ஆவணத்தொகுப்பைக் காட்ட வேண்டும். தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை உள்ள உரிமைத்தொடர், வில்லங்கச் சான்றிதழ், சொத்துவரி ரசீதுகள், வரைபட ஒப்புதல் ஆகியவை அதில் அடங்கும். பெங்களூரில் 'காத்தா' எனப்படும் மாநகராட்சிப் பதிவேட்டுச் சான்றும் வேண்டும்; இப்போது அதன் மின்வடிவம் இன்றிப் பத்திரப் பதிவு நடப்பதில்லை. காத்தா வரி செலுத்துவோரைக் காட்டும் பதிவு மட்டுமே. உரிமைக்குச் சான்று கிரயப் பத்திரமே.

பூர்வீகச் சொத்தாயின் மகள்களின் கையொப்பத்தைத் தவிர்க்க நினைக்க வேண்டா. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமையை அளித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. வீட்டின்மீது கடன் இருந்து தீர்ந்திருந்தால், முழுத்தொகை செலுத்திய 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால், வாங்குபவர் 1 விழுக்காட்டைப் பிடித்தம் செய்து வருமான வரிக் கணக்கில் செலுத்துவார். அது இழப்பன்று, விற்பவரின் வரியில் வரவு வைக்கப்படும்.

தரகரிடம் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விலை இவ்வளவு, முழுவதும் வங்கி வழியாக, யார் வந்தாலும் காட்டலாம். பின்னர், கடன் ஒப்புதல் கடிதத்துடன் வருபவருக்கு முதலிடம் கொடுங்கள். ஒரு வங்கி அவருடைய வருமானத்தையும் நாணயத்தையும் முன்னரே சோதித்துவிட்டது என்பதற்கு அக்கடிதம் சான்று. அதைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் குடியிருக்கவே வாங்குகிறார் என்பதையும் எங்கள் பணியில் கண்டிருக்கிறோம்.

பெங்களூரின் அல்சூருக்குச் சொன்னவை மும்பையின் மாட்டுங்காவுக்கும் தில்லியின் கரோல்பாகுக்கும் பொருந்தும். இப்பகுதிகளில் தமிழர்கள் வீடு வாங்க முடிந்ததற்குக் காரணம், வேற்று மொழி பேசும் ஒருவர் என்றோ ஒருநாள் அவர்களுக்குப் பத்திரம் எழுதித் தந்ததுதான். அந்தக் கையொப்பம் இல்லாதிருந்தால் இன்று விற்பதற்கு நம்மிடம் வீடே இருந்திராது. வீட்டின் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதைத் தரக்கூடிய ஒருவர் வாசலில் நிற்கும்போது, அவர் பெயரைக் கேட்டபின் விலையை மாற்றாதீர்கள், கதவையும் சாத்தாதீர்கள்.